ஏரிக்கு மேலே இருக்கும் மலை

(கரடியூரில் மலைக்கிராம மக்களும் மாணவர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

ஏற்காட்டு ஏரியைப் பற்றிப் பேசக் கரடியூருக்கு ஏன் வரவேண்டும் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். ஏரி நகரத்தின் நடுவில் இருக்கிறது. பேச்சைப் படகு இல்லத்திலேயே வைத்திருக்கலாம். இங்கே வைக்கவேண்டும் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். ஏரிக்கரையில் நிற்பவருக்குத் தண்ணீர் தெரியும், படகு தெரியும். அந்தத் தண்ணீர் எந்த மேட்டில் மழையாக விழுந்தது, எந்தப் பாறை அதைப் பிடித்து வைத்தது, எந்த ஓடை வழியாக இறங்கியது என்பது அங்கிருந்து தெரியாது. ஊற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களுக்குத்தான் அது தெரியும். உங்கள் பள்ளமும் ஏரியின் பள்ளமும் வேறு வேறாக இருக்கலாம். மழை ஒன்று, பாறை ஒன்று, மலை ஒன்று. ஏரியைக் காக்க நினைப்பவர்கள் கரையை மட்டும் பார்க்கிறார்கள், மேட்டைப் பார்ப்பதில்லை. இன்று நான் சொல்ல வந்தது இதைத்தான்.

ஏரிக்கு வருகிறவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. சித்திரை, வைகாசி வெயிலில் சேலம் கொதிக்கும்போது, ஒரு நெசவாளர் குடும்பம் காலைப் பேருந்தில் ஏறி 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வருகிறது. அண்ணா பூங்காவில் புளிசாதப் பொட்டலத்தைப் பிரிக்கிறது. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகு இல்லத்தில் மிதிபடகோ துடுப்புப்படகோ எடுத்து ஏரியை ஒரு சுற்று சுற்றுகிறது. பிள்ளைகள் மான் பூங்காவைப் பார்க்கிறார்கள். மாலையில் குளிர்ந்த காற்றை நெஞ்சு நிறைய வாங்கிக்கொண்டு கீழே இறங்குகிறார்கள். ஆண்டு முழுதும் தறிச் சத்தத்தில் வாழ்கிறவர்களுக்கு அந்த ஒரு நாள் பெரிய செல்வம். மே மாதக் கோடை விழாவில் மலர்க்கண்காட்சியும் படகுப் போட்டியும் நடக்கும்போது ஊரே நிறைந்துவிடுகிறது. உழைக்கிற மக்களுக்கு இப்படி ஓர் இடம் வேண்டும். வேண்டும் என்பதாலேயே அதன் கதை முழுதாகத் தெரியவேண்டும்.

கதை பாறையில் தொடங்குகிறது. நாம் நிற்கும் இந்தச் சேர்வராயன் மலையின் உடம்பு சார்னகைட் என்னும் பாறை. ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பு பூமியின் ஆழத்தில், பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவான பாறை இது. சென்னைப் பரங்கிமலையும் பல்லாவரமும் இதே இனப் பாறைதான். கல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னக் என்னும் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரரின் கல்லறைக் கல்லும் இந்த வகைதான். 1893-இல் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் அந்தக் கல்லை ஆராய்ந்து, சார்னக்கின் பெயரையே பாறைக்கு வைத்தார். உலகத்தில் எங்கே இந்த வகைப் பாறையைக் கண்டாலும் இன்று அந்தப் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

இந்தக் கெட்டிப் பாறைக்குள் தண்ணீர் எளிதில் இறங்காது. தண்ணீரைப் பிடித்து வைப்பது அதன் தலையில் இருக்கும் தொப்பி. பல லட்சம் ஆண்டுகள் மழையும் வெயிலும் பட்டுப் பாறையின் மேற்பகுதி மக்கிச் சிதைந்து, இரும்பும் அலுமினியமும் மிஞ்சிய சிவந்த மண்ணாகவும் பாக்சைட்டாகவும் ஆயிற்று. சேர்வராயன் கோயில் இருக்கும் 1,623 மீட்டர் உயர மேட்டுச் சமவெளியில் நடந்து பாருங்கள், காலடியில் அந்தச் செம்மண் தெரியும். அதில் நுண்ணிய துளைகள் நிறைய. தென்மேற்குப் பருவத்திலும் வடகிழக்குப் பருவத்திலும் விழும் மழையை அது உறிஞ்சிக்கொள்கிறது. இந்த மலையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,500 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. உறிஞ்சிய தண்ணீர் கீழே கெட்டிப் பாறையைத் தொட்டதும் இறங்க வழியில்லாமல் பக்கவாட்டில் கசிந்து ஊற்றாக வெளிவருகிறது. மாசி, பங்குனியிலும் சில சுனைகள் வற்றாமல் இருப்பதற்கு இதுவே காரணம். சரிவில் சோலை மரங்கள் இருந்தால் இலைச்சருகு மழையின் வேகத்தைக் குறைத்து மண்ணுக்குள் இறக்கும். மரம் போனால் அதே மழை மண்ணையும் வாரிக்கொண்டு பள்ளத்துக்கு ஓடும்.

அந்தப் பள்ளங்களில் ஒன்றில்தான் ஏரி இருக்கிறது. ஊட்டி ஏரி கலெக்டர் ஜான் சலிவன் காலத்தில் ஓடையை மறித்துக் கட்டப்பட்டது. கொடைக்கானல் ஏரியை 1863-இல் வியர் லெவிஞ்ச் கரைகட்டி உண்டாக்கினார். ஏற்காட்டில் மலைகளே சுற்றி நின்று ஒரு கிண்ணம் அமைத்துக் கொடுத்திருக்கின்றன. கரையும் நடைபாதையும் பூங்காவும் பின்னால் வந்தவை. ஏரி நிறைந்தால் மிகுதி நீர் வழிந்து, கிளியூர் அருவியாக ஏறத்தாழ 300 அடி கீழே விழுகிறது. ஆக, ஏரி ஒரு முடிவிடம் அல்ல. மேலேயிருந்து வாங்கிக் கீழே கொடுக்கிற இடம். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கும்.

மனிதர் கதைக்கு வருவோம். ஏற்காட்டின் வரலாற்றைப் பெரும்பாலோர் 1820-இலிருந்து தொடங்குகிறார்கள். துரைமார் வந்தார்கள், காப்பி வந்தது, ஊர் பிறந்தது என்பார்கள். இதை நான் ஏற்கவில்லை. ஏற்காமல் இருக்கச் சான்று தந்தவர் ஓர் ஆங்கிலேயரே. ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற புவியியலாளரை மாணவர்கள் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். 1863 மே மாதம் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்து, இந்தியத் தொல்பழங்கால ஆய்வுக்கு அடித்தளம் போட்டவர். ஓய்வுபெற்ற பிறகு அவர் வீடமைத்து வாழ்ந்தது நம் ஏற்காட்டில். 1912-இல் கல்கத்தாவில் இறந்தார். அவருடைய சாம்பல் இங்கே ஹோலி டிரினிட்டி தேவாலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறது. இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தந்தை என்று உலகம் போற்றுகிறவர் நம் ஊர் மண்ணில் இருக்கிறார். படகு இல்லத்துக்கு வரும் கூட்டத்தில் நூறில் ஒருவராவது அங்கே போய் நிற்கவேண்டும் என்பது என் ஆசை.

ஃபூட் இந்தச் சேர்வராயன் மலையில் புதிய கற்காலத்துக் கோடரிகளைச் சேகரித்தார். தேய்த்து மெருகேற்றிய, கையில் வழவழவென்று இருக்கும் கற்கோடரிகள். மலைக்கிராமத்துச் சிறு கோயில்களில், பிள்ளையார் முன்பு, இவற்றைக் குவித்து வைத்து மக்கள் வழிபட்டு வந்ததை அக்காலத்தவர் எழுதி வைத்திருக்கிறார்கள். உழுகிறபோது கிடைத்த கல்லைச் சாதாரணக் கல்லாக எண்ணி எறிந்துவிடாமல், இது நமக்கு முந்தியவர் கைப்பட்டது என்று சாமியிடம் கொண்டுபோய் வைத்தவர்கள் உங்கள் பாட்டன்மார். அருங்காட்சியகம் என்ற ஏற்பாடு இங்கே வருவதற்கு முன்பே அந்தக் கற்கள் பத்திரமாக இருந்தன. ஃபூட்டின் சேகரிப்பு 1904-இல் சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. இரும்பு வருவதற்கு முந்தியே இந்தச் சரிவுகளில் மரம் வெட்டி, ஊற்றுப் பக்கம் குடியிருந்து, தானியம் விதைத்தவர்கள் உண்டு என்பதற்கு அந்தக் கற்கள் சாட்சி.

ஃபூட்டைச் சொல்லும்போது அவருடைய மாமனாரையும் சொல்லாமல் விடக்கூடாது. பீட்டர் பெர்சிவல் பாதிரியார். யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷன் பள்ளியை நடத்தியவர். அங்கே அவரிடம் படித்து, பிறகு அவருக்கே துணையாக இருந்து விவிலியத்தைத் தமிழாக்க உதவிய இளைஞர்தான் ஆறுமுக நாவலர். பெர்சிவல் பின்னாளில் சென்னைக்கு வந்து பேராசிரியராக இருந்தார், தினவர்த்தமானி பத்திரிகையை நடத்தினார், ஆயிரக்கணக்கான தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்தார். 1882-இல் ஏற்காட்டில் காலமானார். யாழ்ப்பாணத்துச் சைவப் பெரியாருக்கும் நம் மலைக்கும் இப்படி ஓர் இழை இருக்கிறது.

கற்காலத்தவருக்குப் பின்னால் வந்தவர்கள் கதையை நீங்கள்தான் எனக்குச் சொல்லவேண்டும். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூவர் கரிராமன் என்னும் தெய்வத்தைச் சுமந்துகொண்டு வந்தார்கள். மூத்தவர் சேர்வராயன் மலையிலும், மற்ற இருவரும் வேறு இடங்களிலும் தங்கினார்கள் என்பது இங்குள்ள மலையாளிப் பழங்குடி மக்களின் வழிவழிக் கதை. இந்த மலையைச் சேலம் நாடு, மோக நாடு, முட்டு நாடு என்று மூன்றாகப் பிரித்து, பட்டக்காரரும் ஊர்க்கவுண்டரும் நியாயம் பார்த்து வாழ்ந்ததை 1918-இல் வெளிவந்த ரிச்சர்ட்ஸின் சேலம் மாவட்ட கெஜட்டியர் விரிவாகச் சொல்கிறது. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த பூமி இது.

இவர்களுடைய நீர் அறிவைத் தேடி நூலகத்துக்குப் போகவேண்டாம். சேர்வராயன் கோயில் குகைக்குப் போனால் போதும். உள்ளே சேர்வராயன் இருக்கிறார், பக்கத்தில் காவேரியம்மன் இருக்கிறாள். மலையும் ஆறும் ஒரே குகையில், ஒரே பூசையில். அந்தக் குகை காவிரிவரை போகிறது என்றும் சொல்வார்கள். குகை அவ்வளவு தூரம் போகிறதா என்று அளக்கப் புகுந்தால் அதில் சொல்லியிருப்பது நம் கையை விட்டுப் போய்விடும். மலையில் விழும் மழை ஆற்றுக்குப் போய்ச் சேர்கிறது, மலையைத் தொழாமல் ஆற்றைத் தொழமுடியாது என்பதே அதன் பொருள் என்று நான் கொள்கிறேன். நீர்ப்பிடிப்பு மேலாண்மை என்று இன்று அரசு ஆவணங்களில் பக்கம் பக்கமாக எழுதுவதை இரண்டு சிலைகளாகச் செய்து வைத்துவிட்டார்கள். அதுவும் எங்கே? தண்ணீர் தரும் அந்தப் பாக்சைட் மேட்டின் உச்சியிலேயே.

1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார். பேரிக்காய் போன்ற பழமரங்களும் அவர் காலத்தில் வந்தவை. அவருடைய கிரேஞ்ச் எஸ்டேட் பெயர் இன்றும் இருக்கிறது. அடுத்த ஐம்பது ஆண்டுகளில் மலையின் முகம் மாறியது. பொதுக்காடும் கொத்துக்காடுமாக இருந்த சரிவுகள் எஸ்டேட்டுகள் ஆயின, நிலத்துக்கு உரியவர்கள் கூலிக்குப் போனார்கள். காப்பி நிழலில் வளர்கிற செடி என்பது ஒரு நல்வாய்ப்பு. பழைய காட்டு மரங்கள் பல நிழலுக்காகத் தப்பின. இலைத்துரு நோயும் தண்டுத்துளைப்பானும் வந்து தோட்டங்களை அலைக்கழித்தன. பிறகு நாட்டு மரங்களின் இடத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக் ஏறிக்கொண்டது. விரைவாக வளரும், மிளகுக் கொடி ஏற்றலாம், வெட்டி விற்பதும் எளிது. தோட்டக்காரருக்கு அது வேண்டியிருக்கிறது, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ஒரே வயது மரங்கள் வரிசையாக நிற்கும் சரிவும், பல வகை மரங்கள் பல அடுக்காக நிற்கும் சரிவும் மழையை ஒரே மாதிரி வாங்குவதில்லை. ஒருகாலத்தில் பேர்பெற்ற ஏற்காட்டு ஆரஞ்சும் நோயில் நலிந்துபோனது. அதை நினைத்து ஏங்கும் பெரியவர்கள் இந்த அவையிலேயே இருப்பீர்கள்.

இந்த மலைக்கே உரிய உயிர்களைச் சிலவாவது சொல்லிவிடுகிறேன். ஏற்காட்டில் வாழ்ந்து 1889-இல் இறந்த மருத்துவர் ஜான் ஷார்ட் இங்கே கிடைத்த, மண்ணுக்குள் வாழும் ஒரு சிறிய நஞ்சற்ற பாம்பை ஆய்வுக்குக் கொடுத்தார். வன அதிகாரி பெடோம் 1863-இல் அதற்கு ஷார்ட்டின் பெயரையே வைத்தார். 2000-இல் ஒரு சிறு பல்லியினத்தை விவரித்த அறிஞர்கள் அதன் அறிவியல் பெயரில் ஏற்காட்டைச் சேர்த்தார்கள். சேர்வராயன் பெயரைத் தாங்கிய வெர்னோனியா மரம் வேறெங்கும் இல்லாதது, இங்கேயும் அரிது. 1963 முதல் இயங்கும் இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வுத் துறையின் ஆர்க்கிட் தோட்டம் இப்படிப்பட்ட அரிய செடிகளையும் பேணி வருகிறது. நீலக்குறிஞ்சி என்றாலே மேற்குத் தொடர்ச்சி மலைதான் நினைவுக்கு வரும். நம் மலையிலும் அது பூக்கிறது. காட்டெருமையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

அடுத்தது பாக்சைட் சுரங்கம். மேட்டூரில் 1960-களில் அலுமினியத் தொழிற்சாலை வந்தபோது அதற்கு வேண்டிய கனிமத்தை இந்த மலையிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் வெட்டிக் கொண்டுபோனார்கள். நாட்டுக்கு அலுமினியம் தேவைப்பட்டது, சிலருக்கு வேலையும் கிடைத்தது. ஆனால் வெட்டி எடுத்தது எதை? நான் முன்பு சொன்ன தொப்பியை. மழையை உறிஞ்சி ஊற்றாகத் தரும் அந்தத் துளையுள்ள அடுக்கை. குழியை மூடி மரம் நடலாம், பசுமையும் வரும். கோடிக்கணக்கான ஆண்டுப் பாறை மக்கி உண்டான அடுக்கை நம்மால் திரும்ப வைக்கமுடியாது. 2008-இல் மேட்டூர் அலுமினிய ஆலை உற்பத்தியை நிறுத்தியது, அதோடு இங்கே வெட்டுவதும் நின்றது. மிஞ்சியிருக்கும் மேட்டைத் தண்ணீர்த் தொட்டி என்று கருதிக் காக்கவேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. வேறு எந்த விலை சொன்னாலும் இதை விட்டுக்கொடுக்கக் கூடாது.

இப்போது ஏரிக்கு வருகிறேன். விடுதிகள் பெருகியபோது இரண்டு காரியங்கள் ஒன்றாக நடந்தன. மேட்டில் ஆழ்துளைக் கிணறு இறங்கியது, பள்ளத்தில் கழிவுநீர் இறங்கியது. செப்டிக் டேங்கின் கசிவிலும் சோப்புத் தண்ணீரிலும் தோட்டத்து உரத்திலும் தழைச்சத்தும் மணிச்சத்தும் இருக்கின்றன. வயலில் பயிரை வளர்க்கும் அதே சத்து, தேங்கிய நீரில் பாசியையும் ஆகாயத் தாமரையையும் வளர்க்கும். ஆகாயத் தாமரை தென்னமெரிக்காவிலிருந்து வந்த செடி. நல்ல சத்துள்ள நீரில் இரண்டு வாரத்துக்குள் இரட்டிப்பாகும். அது மூடினால் வெயில் உள்ளே போகாது. செத்த பாசி அடியில் அழுகி நீரிலுள்ள பிராணவாயுவைக் குடித்துவிடும், மீன் மிதக்கும். ஆள்விட்டுக் கொடியை அள்ளி எறிவார்கள், நாலு மாதத்தில் திரும்ப வந்து நிற்கும். சத்து இறங்குவது நிற்காதவரை அள்ளுவதும் நிற்காது. ஏரி நடுவில் நீரூற்று வைத்து வாயு ஏற்றலாம், பார்க்கவும் அழகாக இருக்கும். நோய்க்கு அது மருந்தாகாது.

ஏரியின் அடிச்சேற்றில் படிந்த உலோகங்களை ஆய்வாளர்கள் எடுத்துச் சோதித்திருக்கிறார்கள். ஏரிச்சேறு மறைக்கத் தெரியாத சாட்சி. மேலே காடு வெட்டியதும் சாலை போட்டதும் வண்டி பெருகியதும் அடுக்கடுக்காக அதில் படிகின்றன. கழிவும் சேறும் அங்கேயே நிற்பதுமில்லை. ஏரி நிறையும் நாளில் கிளியூர் வழியாகக் கீழே போகின்றன. அருவியின் அடியில் ஆசையோடு குளிக்கிற பிள்ளைகள் எதில் குளிக்கிறார்கள் என்று கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது.

நம்பிக்கை தரும் ஒரு செய்தி கீழே சேலத்திலேயே இருக்கிறது. கன்னங்குறிச்சி மூக்கனேரி இந்த மலையின் தண்ணீரை வாங்கும் ஏரி, 58 ஏக்கர். குப்பையும் முள்ளும் நிறைந்து கிடந்ததைச் சேலம் மக்கள் குழு என்னும் அமைப்பு 2010-இல் கையில் எடுத்தது. தூர்வாரிய மண்ணை வெளியே கொட்டாமல் ஏரிக்குள்ளேயே தீவுகளாகக் குவித்து, வெட்டிவேரும் மூங்கிலும் மரங்களும் நட்டார்கள். மழை வந்தது, ஏரி நிறைந்தது, பறவைகள் குடியேறின. ஊர்மக்கள் காசு போட்டார்கள், உழைப்பும் போட்டார்கள். அடிவாரத்து மக்கள் அவர்கள் பங்கைச் செய்துவிட்டார்கள். மேலே இருக்கும் நாம் அனுப்பும் தண்ணீர் நல்ல தண்ணீராக இருந்தால்தான் அவர்கள் உழைப்பு நிலைக்கும்.

ஆகவே மூன்று வேண்டுகோள்களோடு வந்திருக்கிறேன். முதலாவது, ஏற்காட்டு விடுதிகளும் நிறுவனங்களும் தங்கள் கழிவுநீரைத் தங்கள் எல்லைக்குள்ளேயே சுத்திகரிக்கவேண்டும், எப்படிச் செய்கிறார்கள் என்பதை ஊராட்சி ஆண்டுதோறும் நேரில் பார்த்துப் பதிவு செய்யவேண்டும். இரண்டாவது, ஏரித் தண்ணீரைச் சோதித்த முடிவைப் படகுச் சீட்டு கொடுக்கும் இடத்தில் தமிழில் எழுதி வைக்கவேண்டும். கட்டணம் எழுதியிருக்கும் பலகைக்குப் பக்கத்தில் தண்ணீரின் நிலையும் இருந்தால் வருகிறவர்களும் நம் பக்கம் நிற்பார்கள். சேலத்து நெசவாளர் குடும்பத்துக்கு இது அக்கறை இல்லாத விஷயம் என்று யாரும் சொல்லவேண்டாம். அவர்கள் பிள்ளைதான் அந்தத் தண்ணீரில் கை விட்டு அளைகிறது.

மூன்றாவது, ஊற்றுக் கணக்கு. இந்த மலையில் ஒன்பது ஊராட்சிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் எத்தனை சுனை, எத்தனை ஊற்று, எது எந்த மாதம் வற்றுகிறது, முன்பு இருந்து இப்போது இல்லாமல் போனது எது என்பது பெரியவர்கள் நினைவில் மட்டும்தான் இருக்கிறது. அதை எழுத்தில் கொண்டுவர வேண்டும். மாணவர்கள் நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு தாத்தா பாட்டியோடு நடந்தால் போதும். ஊற்றின் பெயர், அது இருக்கும் இடம், மேலே என்ன மரம் நிற்கிறது, தண்ணீர் எந்த ஓடையில் சேர்கிறது, ஒரு குடம் நிறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்ற ஐந்து கேள்விகள். கரடியூரிலிருந்து தொடங்கலாம். தை, மாசி, பங்குனி மூன்று மாதமும் அளந்தால் எது வற்றாத ஊற்று என்று தெரிந்துவிடும்.

மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். அன்று தமிழ்நாட்டில் கிராமசபை கூடுகிறது. அதற்குள் கையில் ஒரு பட்டியல் இருக்கட்டும். பட்டியலில் உள்ள ஒவ்வொரு ஊற்றுக்கும் மேலே மரம் வெட்டுவதோ ஆழ்துளை போடுவதோ கிராமசபையின் ஒப்புதல் இல்லாமல் நடக்கக்கூடாது என்று தீர்மானம் எழுதி, அதைப் பதிவேட்டில் ஏற்றி, நகலை மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புங்கள். தீர்மானத்தின் வாசகத்தை எழுதித் தரச் சொன்னால், இந்தக் கூட்டம் முடிந்ததும் இங்கேயே உட்கார்ந்து உங்களோடு சேர்ந்து எழுதுகிறேன்.